வார்டில் வயர்லெஸ் பெல் வேலை செய்யவில்லையா? கோளாறு வாரியாகச் சரிபார்க்கும் முறை

சின்ன நர்சிங் ஹோம்களிலும், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வைத்துப் பார்க்கும் வீடுகளிலும் வயர்லெஸ் பெல் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. கட்டிலோடு ஒரு பட்டன், பாத்ரூமில் இழுக்கும் கயிறு, சிஸ்டர் மேசையில் பெட் நம்பர் காட்டும் ரிசீவர், சில இடங்களில் சிஸ்டர் கையில் அதிரும் வாட்ச். அவ்வளவுதான் சாமான்.

ஒருநாள் காலையில் ஒரு வார்டுக்குப் போனேன். இரவு டூட்டி முடித்துக் கிளம்பிய சிஸ்டர், "ராத்திரி ஒரு பெல்லும் வரலைண்ணா, அமைதியா இருந்துச்சு" என்றார். போய்ப் பார்த்தால் ரிசீவரின் அடாப்டர் பிளக் பாதி வெளியே வந்து கிடந்தது. 12 கட்டிலுக்கும் அந்த ஒரே ரிசீவர்தான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது அந்த இரவின் அதிர்ஷ்டம். பெல் ஓயாமல் அடித்தால் யாராவது என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். அடிக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் கீழே உள்ளதில் சத்தமே வராத கோளாறுகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## கை வைப்பதற்கு முன்

முதலில் டூட்டி சிஸ்டரிடம் சொல்லுங்கள். "இந்த ரூம் பெல் இப்போ வேலை செய்யாது, நான் சொல்ற வரைக்கும் ஆள் போட்டுப் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளியிடமும் அவரோடு இருப்பவரிடமும் சொல்ல வேண்டும். நான் பையில் நாலு பித்தளைக் கைமணி வைத்திருக்கிறேன். பட்டனைக் கழற்றினால் அந்தக் கட்டிலில் மணி ஒன்றை வைத்துவிட்டுத்தான் கழற்றுவேன்.

ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் கட்டில் பக்கத்தில் பட்டனைப் பிரிப்பது, பேட்டரி மாற்றுவது, வாட்சை சார்ஜ் போடுவது எதுவும் கூடாது. வெளியே எடுத்துப் போய்ச் செய்யுங்கள். எம்ஆர்ஐ அறைக்குள் பட்டனோ வாட்சோ போகக் கூடாது.

காசு மாதிரி இருக்கும் தட்டைப் பேட்டரியை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். குழந்தைகள் வார்டிலும், பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டிலும் இது மிக முக்கியம். விழுங்கிய தட்டைப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் திசுவை வேக வைத்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அதைச் செய்யும். ஒன்று காணவில்லை, குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோங்கள். மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கும் பட்டன்களையே வாங்குங்கள்.

## பட்டனை அழுத்தினால் லைட்டே எரியவில்லை

பேட்டரி. பத்தில் எட்டு முறை இதுதான். மூடியைத் திறந்து எந்த வகை என்று பாருங்கள். சுண்டுவிரல் அளவு உருளையாக இருந்தால் 12 வோல்ட் 23ஏ. தட்டையாக இருந்தால் பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032. மல்டிமீட்டரில் 23ஏ 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினாலும், தட்டைப் பேட்டரி 2.8-க்குக் கீழே காட்டினாலும் நான் மாற்றிவிடுவேன். மீட்டர் நல்ல வோல்ட் காட்டுகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம். 23ஏ-க்குள் எட்டு குட்டி செல்கள் அடுக்கியிருக்கும். அதில் ஒன்று பலவீனமானாலும் சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாகவே காட்டும், அழுத்தும்போது படுத்துவிடும். சந்தேகம் இருந்தால் புதிதைப் போட்டுப் பார்ப்பதே சோதனை.

தப்பான பேட்டரி. கடையில் 23ஏ இல்லை என்றால் 27ஏ-வைக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் 12 வோல்ட்தான், நீளமும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஒல்லி. 23ஏ இடத்தில் போட்டால் ஆடும். இன்று வேலை செய்யும், கட்டிலை நகர்த்தினால் நின்றுவிடும். பேப்பரை மடித்துச் சொருகி இறுக்கி வைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்துப் போட்டுவிட்டுச் சரியான பேட்டரி போடுங்கள்.

ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறது. சானிடைசரையோ கிருமிநாசினியையோ நேராகப் பட்டன் மேல் ஸ்ப்ரே செய்வதால் வருவது. லேசாக இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரி போடலாம். ஸ்பிரிங் அரித்துப்போயிருந்தால் பட்டனையே மாற்றுங்கள். இனிமேல் துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்கச் சொல்லி ஆயாம்மாவிடம் காட்டிக் கொடுங்கள்.

சுவிட்ச் தேய்ந்துவிட்டது. பலமாக அழுத்தினால் மட்டும் எரிகிறதா? வயதானவர், கையில் ட்ரிப்ஸ் ஏறும் நோயாளி அவ்வளவு பலமாக அழுத்த மாட்டார். புதுப் பட்டன் சில நூறு ரூபாய்தான். நோயாளி கையில் கொடுக்கும் பட்டனில் சால்டர் பழுது வேண்டாம்.

## லைட் எரிகிறது, ஆனால் ரிசீவரில் ஒன்றும் வரவில்லை

எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். பட்டனில் எரியும் சிவப்பு லைட் "நான் சிக்னல் அனுப்பினேன்" என்று மட்டும்தான் சொல்கிறது. போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. சாதாரண வயர்லெஸ் பெல் எல்லாம் ஒருவழிப் பாதை, பதில் திரும்பி வராது. நோயாளி லைட்டைப் பார்த்துவிட்டு "சிஸ்டர் வந்துட்டே இருப்பாங்க" என்று காத்திருப்பார். லைட் எரிவதைப் பார்த்து "பெல் ஓகே" என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

ரிசீவருக்குக் கரண்ட் இருக்கிறதா, சத்தம் குறைத்திருக்கிறதா? டிஸ்ப்ளே எரிகிறதா, பிளக் முழுசாக இறங்கியிருக்கிறதா, வால்யூம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நள்ளிரவில் யாரோ தூங்கட்டும் என்று குறைத்தது காலையில் கூட்டப்படாமல் இருக்கும். முடிந்தால் பிளக் பாயின்டுக்கு மேல் மூடி போட்டு, "கழற்றக் கூடாது" என்று சிவப்பில் எழுதி ஒட்டுங்கள். அந்த 12 கட்டில் வார்டில் அன்றே அதைச் செய்தேன்.

பட்டனை ரிசீவரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்து அழுத்துங்கள். இந்த ஒரு சோதனையில் வழி இரண்டாகப் பிரிந்துவிடும்.

*பக்கத்தில் அடிக்கிறது, கட்டிலிலிருந்து அடிக்கவில்லை:* சிக்னல் வழியில் தடைபடுகிறது. சமீபத்தில் என்ன நகர்ந்தது என்று கேளுங்கள். நடுவில் இரும்பு பீரோ வந்ததா? மருந்து ஸ்டாண்டு? ரிசீவரை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டார்களா? கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், லிப்ட், ஈயத் தகடு அடித்த எக்ஸ்ரே அறை எல்லாமே சிக்னலைச் சாப்பிடும். டப்பாவில் போட்டிருக்கும் "300 மீட்டர்" வெட்டவெளிக் கணக்கு. ரிசீவரைத் தலை உயரத்துக்கு மேலே, இரும்பை விட்டுத் தள்ளி மாட்டிப் பாருங்கள். ஆன்டெனா கம்பி நேராக இருக்க வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் அது சுமார் 17 செ.மீ. இருக்கும், அழகுக்காகச் சுருட்டி ஒட்டக் கூடாது, வெட்டக் கூடாது. இதற்கும் சரிவரவில்லை என்றால்தான் நடுவில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) போடும் செலவு. அந்த ரிப்பீட்டருக்கும் பேட்டரி பேக்கப் வேண்டும். கள்ளத்தனமாகச் சிக்னலை உயர்த்தும் பூஸ்டர் வேண்டாம். இந்தியாவில் வயர்லெஸ் சாதனத்துக்கு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வழங்கும் ஈடிஏ (உபகரண வகை ஒப்புதல்) சான்று வேண்டும். வாங்கும்போதே அதைக் கேளுங்கள்.

*பக்கத்திலும் அடிக்கவில்லை, மற்றப் பட்டன்கள் அடிக்கின்றன:* ரிசீவரின் நினைவில் அந்தப் பட்டன் இல்லை. மேனுவல் பார்த்து மறுபடி பதிவு செய்யுங்கள். புதிதாக வாங்கிய பட்டன் என்றால் பின்பக்கம் அலைவரிசையைப் பாருங்கள். ஆன்லைனில் 315 மெகாஹெர்ட்ஸ் பட்டனும் 433 பட்டனும் ஒரே முகத்தோடு வரும். ஒன்று மற்றொன்றோடு பேசாது.

*எந்தப் பட்டனும் அடிக்கவில்லை:* ரிசீவர் போய்விட்டது என்று அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். ஒரு மாடி முழுக்கப் பெல் செத்துப்போன இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு ரிசீவர் மாற்றியும் சரியாகவில்லை என்றார்கள். ஒரு கட்டிலில் பட்டன் மெத்தைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே நசுங்கி, அழுத்தியபடியே இருந்தது. அது விடாமல் கத்திக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் குரல் ரிசீவருக்குக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு பட்டனாக லைட் எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் மாட்டிவிடும். தெரியவில்லை என்றால் பேட்டரியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அதன்பிறகு மலிவு எல்இடி டிரைவர் (எல்இடி விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), போன் சார்ஜர், புதிதாக மாட்டிய கேட் ரிமோட் ரிசீவர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் சிக்னல் பெரிய ஆஸ்பத்திரியையே முடக்கியதும் உண்டு. 1998-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு டிவி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்தபோது, அதே அலைவரிசையில் ஓடிய ஆஸ்பத்திரி இதய டெலிமெட்ரி (நோயாளியின் இதயத் துடிப்பை வயர் இல்லாமல் தூரத்து மானிட்டருக்கு அனுப்பும் கருவி) தடைபட்டது. அதற்குப் பிறகுதான் 2000-ல் அந்த நாட்டில் மருத்துவ டெலிமெட்ரிக்கு என்று தனி அலைவரிசைகள் ஒதுக்கினார்கள். நம் வார்டுப் பெல்லுக்கு அப்படித் தனி இடம் கிடையாது. கார் சாவி, கேட் ரிமோட் எல்லாம் இருக்கும் அதே தெருவில்தான் இதுவும் இருக்கிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: எல்லாப் பட்டனையும் பேட்டரி எடுத்து, சந்தேகப்பட்டதையெல்லாம் அணைத்து, ஒரே ஒரு நல்ல பட்டனைப் பக்கத்தில் வைத்து அழுத்தியும் அடிக்கவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் ஆள் வரட்டும். அவர் வரும் வரை கைமணியும் அட்டெண்டரும்தான்.

## சில நேரம் அடிக்கிறது, சில நேரம் இல்லை

இதைத்தான் "அது அப்பப்ப அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். ஒரு முறை விட்டுப்போனாலும் அந்தப் பட்டன் கெட்டதாகவே கணக்கு.

பேட்டரியை மாற்றுங்கள். அடுத்து, நோயாளி எங்கிருந்து, எப்படி அழுத்துகிறாரோ அப்படியே அழுத்துங்கள். நின்றுகொண்டு கையை நீட்டி அழுத்தினால் எல்லாம் அடிக்கும். ஒருக்களித்துப் படுத்து, பட்டன் வயிற்றுக்கடியில் இருக்கும்போது அழுத்திப் பாருங்கள். உடம்பும் சிக்னலைத் தடுக்கும்.

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சோதியுங்கள். வழுக்கி விழுந்தவர் தரையில்தான் கிடப்பார். அதனால் கயிறு தரையிலிருந்து 10 செ.மீ. வரை தொங்க வேண்டும். கூட்டுகிறவர்கள் தடுக்கிறது என்று கயிற்றைச் சுருட்டிக் குழாயில் கட்டிவிடுவார்கள். நான் போகும் இடங்களில் பாதியில் அப்படித்தான் இருக்கிறது. அவிழ்த்துவிட்டு, ஏன் தொங்க வேண்டும் என்று அவர்களிடமே சொல்லுங்கள். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழுத்தினால் ஒன்று விட்டுப்போகிறதா என்றும் பாருங்கள். சாதாரண செட்டில் இது நடக்கும், பழுது பார்க்கவும் முடியாது. கட்டில் அதிகமான வார்டு என்றால், அழைப்பு வந்து சேர்ந்ததைப் பட்டனுக்கே திருப்பிச் சொல்லும் இருவழி சிஸ்டத்துக்கோ வயர் இழுத்த சிஸ்டத்துக்கோ மாறச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

## பெல் நன்றாக இருக்கிறது, நோயாளி அழுத்தவே இல்லை

இதையும் கோளாறாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டன் கீழே விழுந்திருக்கும், அல்லது சுவரில் எட்டாத இடத்தில் ஒட்டியிருக்கும். பக்கவாதம் வந்தவருக்குச் செயலிழந்த கைப்பக்கமே பட்டன் மாட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கை வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் மாட்டுங்கள். விரல் பலம் இல்லாதவருக்கு உள்ளங்கையால் தட்டும் அகலமான பட்டன் கிடைக்கிறது. கழுத்தில் தொங்கவிடும் பட்டன் என்றால் இழுத்தால் பிரிந்துவிடும் கயிறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டில் கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். நினைவு தடுமாறுகிறவருக்குக் கழுத்தில் எதுவும் வேண்டாம். அவருக்குப் பட்டன் போதவும் போதாது, பக்கத்தில் ஆள்தான் வேண்டும்.

## யாரும் அழுத்தாமல் அடிக்கிறது, அல்லது தப்பான பெட் நம்பர் காட்டுகிறது

தப்பான நம்பர்தான் இரண்டிலும் மோசம். சிஸ்டர் 4-க்கு ஓடும்போது 9-ல் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

முதலில் பட்டன்கள் இடம் மாறிவிட்டனவா என்று பாருங்கள். சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே டிரேயில் போட்டுத் திருப்பி வைத்தால் இப்படி ஆகும். நம்பரை ஸ்டிக்கரில் எழுதாமல் பட்டனிலேயே அழியாத மையில் எழுதுங்கள்.

அப்புறம் கோடு (code) மோதல். ஒவ்வொரு பட்டனும் சிக்னலோடு அனுப்பும் அடையாள எண்தான் கோடு. பழைய பட்டன்களில் கோடை உள்ளே சால்டர் பாலம் வைத்து அமைப்பார்கள், சாத்தியமான கோடுகள் சில ஆயிரம்தான். பக்கத்து வீட்டுக் காலிங்பெல்லும் அதே கோடில் இருக்க வாய்ப்பு உண்டு. புது வகையில் ஒவ்வொரு பட்டனுக்கும் 10 லட்சத்துக்கு மேல் சாத்தியங்களில் ஒரு கோடு ஆலையிலேயே எழுதி வரும், மோதுவது அரிது. ரிசீவர் நினைவை முழுசாக அழித்துவிட்டு, ஒவ்வொரு பட்டனாகப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது வேறு யாரும் எதையும் அழுத்தக் கூடாது. அந்த அரை மணி நேரமும் வார்டில் பெல் இல்லை என்பதால் பகலில், ஆட்கள் அதிகம் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

பொய்யாக அடிக்கிறது என்று சத்தத்தைக் குறைப்பதும் பிளக்கைப் பிடுங்குவதும் மட்டும் கூடாது. நாலு தடவை பொய்யாக அடித்த கட்டிலுக்கு ஐந்தாவது தடவை யாரும் ஓட மாட்டார்கள். சிஸ்டர்களைக் குறை சொல்ல முடியாது, எந்த மனிதருக்கும் காது அப்படித்தான் பழகும். அதனால் பொய் மணியை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் அந்தப் பட்டனை எடுத்துவிட்டுக் கைமணி வையுங்கள்.

அடித்தது நிற்கவே இல்லை என்றால் பட்டன் சிக்கியிருக்கும், மாற்றுங்கள்.

## மேசை ரிசீவரில் வருகிறது, வாட்சிலோ போனிலோ வரவில்லை

வாட்சில் சார்ஜ், அதிர்வு முறை, தூரம் மூன்றையும் பாருங்கள். ஷிப்ட் மாறும்போது வாட்ச் டிராயரிலேயே தங்கிவிட்டதா என்றும் கேளுங்கள். இதற்கு ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குவதுதான் மருந்து.

போன் ஆப்பில் வரும் சிஸ்டம் என்றால் சோதிக்க நிறைய இருக்கிறது. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்கில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். "டு நாட் டிஸ்டர்ப்" அணைந்திருக்கிறதா, போன் ஆஸ்பத்திரி வைஃபையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தப் போனில் இதை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. வார்டுக்கென்று தனிப் போன் இருக்கட்டும்.

## கரண்ட் போய் வந்த பிறகு வேலை செய்யவில்லை

ரிசீவர், ரிப்பீட்டர், வைஃபை ரவுட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா? ரிசீவரை மட்டும் போட்டுவிட்டு ரவுட்டரை மறப்பது வழக்கம். மெயினை அணைத்து நேரிலேயே சோதியுங்கள். சில ரிசீவர்களில் வால்யூமும் கடிகாரமும் பழைய நிலைக்குப் போய்விடும். அடாப்டர் எரிந்திருந்தால் வோல்ட், ஆம்பியர், பின்னின் பிளஸ் மைனஸ் மூன்றும் பொருந்துவதை மட்டும் போடுங்கள். பின் பொருந்துகிறது என்று 9 வோல்ட் ரிசீவருக்கு 12 வோல்ட் போட்டுக் கருக்கியவர்கள் உண்டு. போர்டில் கருகிய வாசனை வந்தால் மறுபடி கரண்ட் கொடுக்காமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

## மானிட்டர், வென்டிலேட்டர் அலாரம் வாட்சுக்கு வரவில்லை

இங்கே நீங்களும் நானும் கை வைக்கக் கூடாது. பயோமெடிக்கல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை சிஸ்டர் அந்தக் கட்டிலைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும், மெஷினின் சொந்த அலாரம் சத்தம் வெளியே கேட்கும் அளவில் இருக்க வேண்டும். வாட்சுக்கு வரும் செய்தி கூடுதல் உதவிதான். மெஷின் தானாகக் கத்துவதற்கு அது மாற்றாகாது.

மெஷினின் அலாரம் வெளியீட்டிலிருந்து வயர் இழுத்து மலிவுப் பட்டனோடு சேர்த்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நோயாளி உடம்போடு இணைந்திருக்கும் மெஷின் அது. தப்பான இணைப்பில் கசியும் மின்சாரம் அவர் வழியாகப் போகும். மருத்துவ மின்சாதனத்தின் அலாரத்துக்கு ஐஇசி 60601-1-8 என்று தனிச் சர்வதேசத் தரநிலையே இருக்கிறது, காலிங்பெல் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. வாக்கி டாக்கி, போன் போன்றவற்றை இந்த மெஷின்களிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளியே வையுங்கள்.

## திருப்பிக் கொடுக்கும்போது

ஒருவர் ரிசீவர் பக்கத்தில் நின்று நம்பர் சொல்ல, இன்னொருவர் ஒவ்வொரு கட்டில், ஒவ்வொரு பாத்ரூம் என்று மூன்று முறை அழுத்த வேண்டும். மூன்றும் வர வேண்டும். தேதி, பேட்டரி மாற்றிய விவரம், சோதித்தவர் பெயர் எல்லாம் நோட்டில் ஏறட்டும். இனி ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லி, அதற்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள். இரவு சிஸ்டர் வந்து அவர் கையாலேயே அழுத்திப் பார்த்த பிறகுதான் நான் கைமணிகளை எடுத்துப் பையில் போடுவேன்.